மைலோ டின்னில் இருந்த 107 பேர்

பினாங்கு ஜெலுத்தோங் பிளாட் மக்களுக்கும், பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வந்தவர்களுக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறமாக "எதுக்குத் தம்பி போட்டோம்?" என்று கேட்டவர்களுக்கும் வணக்கம்.

போன சனி, ஞாயிறு கீழ்த்தள மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் நான் ஒவ்வொன்று சொன்னேன். அம்மாவிடம் பிள்ளைகளுக்குப் போட்டி என்றேன். சாவி வைத்திருக்கும் அங்கிளிடம் கலாசார நிகழ்ச்சி என்றேன். இப்போது எல்லாரும் ஒன்றாகப் படிப்பதால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'சுய்கோடென்' என்ற பழைய ஜப்பானிய கேமுக்கு ஒரு நல்ல அடுத்த பாகம் கேட்டு, அதைச் செய்த கொனாமி நிறுவனத்துக்குக் கடிதம் போட நினைத்தேன். தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்து வாங்க மனசு வரவில்லை. ஆகவே முதலில் ஆடிக் காட்டினேன். "நாப்பது வயசுல செய்யிற வேலையாடா இது?" என்று கேட்ட அக்காதான் இரண்டு நாளும் மீ கோரேங் கிண்டிக்கொண்டு வந்தார். அக்கா, உன் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. மீ கோரேங்கில் காரம் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

பார்பர் அண்ணே, உங்கள் கடையில் காலண்டருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த டியூப் டிவி இல்லாவிட்டால் எதுவுமே நடந்திருக்காது. வீட்டில் ஐம்பத்தைந்து இஞ்ச் தட்டை டிவி இருக்கும்போது இது எதற்கு என்று இளசுகள் சிரித்தார்கள். அந்தக் கேம் ஓடுகிற முதல் பிளேஸ்டேஷன் பெட்டி பெரும்பாலும் 240 வரியில்தான் படத்தை அனுப்பும். டியூப் டிவிக்கு அது பழகிய பாஷை. இன்றைய டிவிகள் பல அதை 480 வரி என்று தப்பாக நினைத்துக்கொண்டு குழப்பிவிடும். ஆள் முகம் அவித்த கிழங்கு மாதிரி தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு ஒருத்தனும் சிரிக்கவில்லை. அதை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கிய நாலு தம்பிகளே, முதுகு இப்போது தேவலையா?

ரிப்பேர் கடை அங்கிளுக்குத் தனி நன்றி. என் பிளேஸ்டேஷனைக் கவிழ்த்து வைத்தால்தான் டிஸ்க் ஓடும். அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான். லென்ஸ் நகர்கிற பிளாஸ்டிக் தடம், பக்கத்திலேயே இருக்கும் பவர் சப்ளையின் சூட்டில் தேய்ந்துபோவதுதான் காரணம் என்று அவர் திறந்து காட்டிய பிறகுதான் எனக்கே புரிந்தது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. லோரோங் குலிட் சந்தையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் தேடி அலைந்த தம்பியும் கணக்குச் சொல்லவில்லை.

எதிர்வீட்டு ஆன்ட்டி வந்தது நான் எதிர்பாராதது. கேமில் நாம் சேர்க்க வேண்டியது 108 பேர் என்று பிள்ளைகளிடம் நான் சொல்லிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இது எங்க கதை லா" என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். உண்மைதான். சீனப் பெருங்கதை ஒன்றின் பெயரை ஜப்பானியர் சொல்லும் விதம்தான் சுய்கோடென். அநியாய அதிகாரிகளால் துரத்தப்பட்டவர்கள், ஒரு சதுப்பு நிலத்தில் 108 பேராகக் கூடுவது கதை. அவருடைய அப்பா ஹொக்கியன் சீனத்தில் சொன்னதை ஆன்ட்டி மலாயில் சொன்னார், இடையிடையே நமக்காக இரண்டு தமிழ்ச் சொல். பிள்ளைகள் கேமை மறந்துவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

முதல் பாகம் 1995இல் வந்தது, இரண்டாவது 1998இல். எங்களுக்குப் பித்துப் பிடித்தது இரண்டாவதின் மேல். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு படு சொதப்பல். எங்கள் ஆங்கிலமும் அப்படியே இருந்ததால் ஒத்துப்போயிற்று. வாள் வீசுகிறவர்கள் எந்தக் கேமில் இல்லை? இதில் அந்த 108 பேரில் சமையல்காரன் இருக்கிறான், தோட்டம் போடுகிறவன் இருக்கிறான், குளியலறை கட்டுகிறவன், லிஃப்ட் செய்கிறவன் எல்லாரும் இருக்கிறார்கள். பாழடைந்து கிடந்த கோட்டை, ஆட்கள் சேரச் சேர வீடாகும். லிஃப்ட் வந்த பிறகு படியேற வேண்டாம். ஓர் ஆலோசனைப் பெட்டிகூட உண்டு. சேர்ந்தவர்கள் குறை எழுதிப் போடுவார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பந்தல் போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். மேளக்காரர் வந்துவிட்டால் போதுமா, ஐஸ் கட்டி யார் கொண்டுவருவது?

அடுத்த பாகத்தில் உலகம் பெரிதாக வேண்டாம் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறேன். மலை ஏறலாம், குதிரை ஓட்டலாம் என்று ஆசை காட்டும் கேம்கள் நிறைய உண்டு. குலுக்கலில் ஆள் எடுக்கிற போன் கேம்களும் நிறைய. எங்களுக்கு ஒருவனைத் தேடிப் போய், அவன் மாட்டேன் என்று சொல்லி, மறுபடி போய், சூப் வைத்துக் கொடுத்துக் கூட்டிவர வேண்டும்.

தம்பி, உனக்கு நன்றி சொல்வதுதான் கஷ்டம். ஜொகூரிலிருந்து இரவு பஸ்ஸில் மடியில் மைலோ டின்னோடு வந்தாய். உள்ளே பஞ்சு சுற்றிய மெமரி கார்டு, கேமில் விட்ட இடத்தைச் சேவ் செய்து வைக்கிற சின்ன அட்டை. முதல் பாகத்தை முடித்த சேவ் கார்டில் இருந்தால் இரண்டாம் பாகம் அதைப் படித்துக்கொள்ளும். பழைய நாயகன், நாம் வைத்த பெயரோடே, ஒரு சின்ன ஊரில் மீன் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு உன் பெயரைத்தான் வைத்திருந்தோம். போட்டவுடன் வந்துவிட்டான், இத்தனை வருஷம் கழித்தும். சேர்ந்தவர்கள் பெயர் இருக்கும் கோட்டைக் கல்வெட்டைத் திறந்தோம். 107 பெயர். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி காலி இடத்தில் விரல் வைத்து, "இவங்களை ஏன் அங்கிள் கூப்பிடல?" என்றாள். நான் 2001இல் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிப் பரீட்சைக்கு முன்னாடி எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், நீ வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, அந்த ஒருவரைத் தேடாமலே கதையைத் தாண்டி அதன் மேலேயே சேவ் செய்தவன். 108 பேரும் சேராவிட்டால் கேம் நாயகனின் அக்கா நானாமி பிழைக்க மாட்டாள். நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பிள்ளை கேட்டபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததைப் பார்த்தேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஜப்பானியரோடு வேலை செய்யும் தங்கச்சிதான் கடிதத்தை மொழிபெயர்த்தார். பாதியில் நிறுத்தி, "அண்ணே, ஸோகுஹென்னா, ட்சுஸுகியா?" என்றார். முன்னது அடுத்த பாகம் என்ற கடைச் சொல்லாம். பின்னது விட்ட இடத்திலிருந்து தொடர்வதாம். அரை மணி நேரம் வாதாடி இரண்டாவதைப் போட்டோம். ஐந்தாம் பாகம் 2006இல் வந்தது. அதன் பிறகு எண் போட்ட பாகம் கிடையாது. முதல் இரண்டையும் மெருகேற்றி 2025 மார்ச்சில் வெளியிட்டபோது நான் முதல் நாளே வாங்கினேன், இரண்டு முறை முடித்தும்விட்டேன். அதில் 108 பேரையும் சேர்த்தேன். இருந்தாலும் அது மைலோ டின்னில் இல்லையே.

இதையெல்லாம் முதலில் யோசித்த யோஷிடாகா முராயாமா கொனாமியை விட்டுப் போய்ப் பல வருஷம் கழித்து, ரசிகர்கள் போட்ட பணத்தில் 'எய்யூடென் குரோனிக்கிள்' என்று அதே சாயலில் ஒன்று செய்தார். அது வெளிவந்தது 2024 ஏப்ரலில். அவர் அந்த பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். கடிதத்தில் அவர் பெயரை முதல் வரியில் எழுதச் சொன்னது பார்பர் அண்ணன். அவருக்கு இந்தக் கேம் பற்றி ஒன்றுமே தெரியாது, டிவி கொடுத்ததோடு சரி. "செத்தவரை முதல்ல சொல்லணும்" என்றார்.

மொத்தம் 63 கையெழுத்து. 108 என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆன்ட்டி தன் பேரப்பிள்ளைகள் பெயரையும் எழுதித் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை தோக்கியோவுக்குத் தபாலில் போட்டாயிற்று.

டிவியைச் செவ்வாய்க்கிழமை இறக்கினபடியே ஏற்ற வேண்டும், அந்த நாலு பேரும் போனை எடுக்கவும். நீல மூடி போட்ட டப்பா ஒன்று என் வீட்டில் இருக்கிறது, உள்ளே அரை டப்பா முறுக்கு. யாருடையது என்று தெரியவில்லை. முறுக்குக்கு நான் பொறுப்பில்லை.