நிரப்பாமல் விட்ட அடைப்புக்குறி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கட்டற்ற மென்பொருள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காசு கொடுக்காமல், களவாடவும் செய்யாமல் நம் பிள்ளைகள் கணினி கற்க ஒரு வழி இருக்கிறது என்பதை ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கிச் சொன்னதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கடைசிப் பத்தியில்தான் மனம் நின்றுவிட்டது. நன்றாக நிரல் எழுதத் தெரிந்தவரை யாரும் என்ன சாதி, ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை, குழுவில் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கும் நடத்தை நெறி என்பதெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு, நமக்குத் தேவையில்லை என்ற பொருளில் கட்டுரையாளர் முடித்திருந்தார்.

கேட்கிறார்கள் ஐயா. என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

நான் வியாசர்பாடியில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். என் தந்தை 1986இல் ஆறு இயந்திரங்களோடு தொடங்கியது. இன்றும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். 2009இல் ரிச்சி தெருவில் பதினொரு பழைய கணினிகள் வாங்கினோம். அவற்றுக்கு உரிமத்தோடு மென்பொருள் வாங்க விலை கேட்டபோது கணினிகளின் விலையைவிட அது அதிகமாக இருந்தது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஒரே ஒரு குறுவட்டைக் கொண்டுவந்து பதினொன்றிலும் உபுண்டு என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தான். 'எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், திறந்து பார்த்து மாற்றவும் செய்யலாம், யாரும் கேட்க முடியாது' என்றான். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. உரிமத்தை வரிவரியாகப் படித்த பிறகுதான் நம்பினேன். இப்படி ஒன்றைச் செய்தவர்களின் கூட்டத்தில் நாமும் சேர வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

சேர்ந்தேன். முதல் கூட்டம் நகரின் தென்கோடியில். பெரம்பூரில் 29சி பஸ் ஏறி, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து போனேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள், அதில் பெண்கள் மூன்று பேர். தேநீர் நேரத்தில் ஒரு மூத்தவர் வந்து அன்பாகவே விசாரித்தார். எந்த ஊர் என்றார். வியாசர்பாடி என்றேன். அது சரி, சொந்த ஊர் என்றார். வியாசர்பாடிதான் என்றேன். அப்பாவுக்கு எந்தப் பக்கம் என்றார். இந்த மூன்று கேள்விகளும் எங்கே போய் நிற்கும் என்பது சென்னையில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டேன். அதன் பிறகு அவர் எடுத்த பாடம் அருமையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகள் அந்தக் கூட்டங்களுக்குப் போனேன். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். வீடு வந்து சேரப் பத்தரை ஆகும். மற்ற இரண்டு பெண்களும் வருவதை ஏன் நிறுத்தினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்போது நானும் கேட்கவில்லை.

என் கதையை இதோடு விடுகிறேன். என் மாணவியின் கதைக்காகத்தான் இந்தக் கடிதம்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள். தாய் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். தமிழ் முதுநிலைத் தட்டச்சில் முதல் வகுப்பு எடுத்தவள் என்பதால், ஒரு மென்பொருளின் தமிழாக்கத்தில் பங்களிக்கும்படி நான்தான் தூண்டிவிட்டேன். ஒரு மாதத்தில் இருநூறு வரிகளுக்கு மேல் மொழிபெயர்த்தாள். ஒருநாள் மாலை அவளை அழைத்துப்போக வந்த தாய், திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்: 'கோப்பை அழிக்கவா?' படித்துவிட்டு, எந்தக் கோப்பை, கண்ணாடிக் கோப்பையா என்று மகளிடம் கேட்டார்.

கோப்பு என்ற சொல்லோடு ஐ சேர்ந்தால் கோப்பை. தேநீர் குடிப்பதும் கோப்பை. தமிழாக்கம் செய்கிற எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் இடறியிருப்பார்கள். என் மாணவி அன்றிரவே 'இந்த ஃபைலை அழித்துவிடலாமா?' என்று மாற்றி, தன் அம்மாவுக்கு ஏன் புரியவில்லை என்பதையும் இரண்டு வரியில் எழுதி அனுப்பினாள். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. 'சேரித் தமிழுக்கு இங்கே இடமில்லை. முதலில் தமிழ் கற்றுக்கொண்டு வரவும்.' கீழே மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

கோப்பு நல்ல சொல், அதை விடக்கூடாது என்று அவர் வாதாடியிருக்கலாம். 'கோப்பினை' என்று எழுதினால் குழப்பம் தீருமே என்று திருத்தியிருக்கலாம். நானும் ஒப்புக்கொண்டிருப்பேன், அவளும் ஒரு பாடம் கற்றிருப்பாள். சேரி என்பது எங்கள் மக்கள் வாழும் இடத்தின் பெயர். அதை வசைச்சொல் ஆக்கியவர்கள் நாங்கள் அல்ல.

அந்தத் திட்டத்தில் நடத்தை நெறி என்ற ஆவணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திறந்து பார்த்தேன். முழுவதும் ஆங்கிலம். 2014இல் கொரலைன் அடா எம்கி எழுதி, உலகெங்கும் ஏராளமான திட்டங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற நெறியின் பழைய 1.4 பதிப்பு. அதை அப்படியே நகலெடுத்து வைத்திருந்தார்கள். எப்படிச் சொல்கிறேன் என்றால், புகாரை யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற வரியில், சதுர அடைப்புக்குறிக்குள் 'மின்னஞ்சல் முகவரியை இங்கே இடவும்' என்ற ஆங்கில வாசகம் மாறாமல் இருந்தது. நகலெடுத்தவர் நிரப்பவே இல்லை. அந்த நாளிலிருந்து அதை யாரும் படித்துப் பார்க்கவும் இல்லை.

அந்தப் பழைய பதிப்பில் வயது, உடல் தோற்றம், பாலினம், இனம், மதம் என்று பட்டியல் நீள்கிறது, சாதி இல்லை. 2.1 பதிப்பில்தான் அந்தச் சொல் சேர்ந்தது. எங்கோ அமெரிக்காவில் தொடங்கிய ஓர் ஆவணம் நம் நோயின் பெயரைத் தன் பட்டியலில் எழுதிக்கொண்டது. இங்கே, நோய் இருக்கும் ஊரில், நாம் அது இல்லாத பழைய பதிப்பையே வைத்துக்கொண்டிருக்கிறோம். இதை மேலைநாட்டுச் சரக்கு என்று எப்படித் தள்ளுவது? சரக்கு என்றால், அந்த உரிமமும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜிபிஎல் உரிமம் என்ன சொல்கிறது? நீ பெற்ற சுதந்திரத்தை அடுத்தவருக்கும் அப்படியே கொடு, மறுக்க உனக்கு உரிமையில்லை என்கிறது. அது விதிதான், மிகக் கறாரான விதி. அந்த விதி இல்லாவிட்டால் பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டிவைத்துக்கொள்ளும் என்பதை நம் நண்பர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். நிரலைக் காக்க விதி வேண்டும், அதை எழுதும் பெண்ணைக் காக்க விதி வேண்டாம் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்தத் திட்டத்தில் எனக்குத் தெரிந்த மூன்று பேருக்கு போன் செய்தேன். மூவரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். 'விடுங்கள் மேடம், அவர் கொஞ்சம் கோபக்காரர், ஆனால் நல்ல உழைப்பாளி.'

அலுவலகமாக இருந்திருந்தால் போக ஓர் இடமாவது இருந்திருக்கும். 1997இல் உச்ச நீதிமன்றத்தில் விசாகா வழக்கின் தீர்ப்பு, 2013இல் அதன் வழியில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்து, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. அதுவும் பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும்தான். கட்டற்ற மென்பொருள் குழுவில் முதலாளி இல்லை, சம்பளம் இல்லை, கதவில்லை. கதவில்லாத வீடு என்பதுதான் அதன் பெருமை. ஆனால் உள்ளே ஒருவர் அடிபட்டால் கூப்பிடவும் ஆளில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் இந்த நெறிகள் பிறந்தன.

நெறி வந்தால் வேலை கெடும், திறமை ஓடிவிடும் என்ற அச்சத்துக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னலின் கதையே பதில். அதை உருவாக்கியவரும், கடுமையாகத் திட்டுவதற்குப் பெயர் பெற்றிருந்தவருமான லினஸ் டோர்வால்ட்ஸ், 2018 செப்டம்பரில் தன் நடத்தைக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். அதே நாட்களில் கெர்னல் திட்டம், 2015இல் எழுதிவைத்திருந்த 'மோதல் விதி' என்ற சிறு ஆவணத்தை எடுத்துவிட்டு, நான் சொன்ன 1.4 பதிப்பைத் தழுவிய நடத்தை நெறியை ஏற்றது. கெர்னல் அழிந்தது என்று அப்போது எழுதியவர்கள் பலர். அடுத்த மாதமே மூத்த கெர்னல் நிரலாளர் கிரெக் குரோவா ஹார்ட்மன் 4.19 பதிப்பை வெளியிட்டார். டோர்வால்ட்ஸும் திரும்பி வந்தார். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் இன்றும் அந்தக் கெர்னலில்தான் ஓடுகிறது. அவர் மன்னிப்புக் கேட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2015இல், அந்தப் பேச்சுமுறையைத் தாங்க முடியாது என்று எழுதிவிட்டு வெளியேறியவர் கெர்னல் நிரலாளர் சேஜ் ஷார்ப். போனவர் போனவர்தான்.

போகிறவர்கள் சத்தமில்லாமல் போகிறார்கள், அதுதான் சிக்கல். நிரல்களைப் பகிர்ந்து சேர்ந்து எழுதும் தளமான கிட்ஹப் 2017இல் நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள், 3 விழுக்காட்டினர் பெண்கள். மோசமான நடத்தையைத் தாங்களே சந்தித்தவர்கள் அல்லது கண்ணால் பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவர், அதனால் ஒரு திட்டத்தை விட்டே விலகியதாகச் சொன்னார்கள். பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2006இல், மாணவர்களைக் கட்டற்ற மென்பொருளில் பழக்கும் கூகுள் கோடைக்காலப் பயிற்சிக்கு, நோம் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்திடம் 181 பேர் விண்ணப்பித்தார்கள், ஒருவர்கூடப் பெண் இல்லை. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பெண்களுக்கென்று தனியே அழைப்பு விடுத்தார்கள். கைவிரலில் எண்ணக்கூடிய இடங்களுக்கு நூறளவில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அதே ஆண்டு, அதே வேலை. அழைத்த விதம் மட்டும் வேறு. அந்த முயற்சிதான் வளர்ந்து இன்று 'அவுட்ரீச்சி' என்ற பெயரில், தத்தம் நாட்டில் பாகுபாட்டைச் சந்திப்பவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சியும் 7000 டாலர் உதவித்தொகையும் கொடுக்கிறது. நம் கல்லூரிகளின் முதல் தலைமுறைப் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் இதை யாராவது சொல்லியிருக்கிறோம்?

எதிர்த்துப் பேசுகிறவர்களின் கவலையில் ஒன்றை மட்டும் நான் ஏற்கிறேன். விதியைக் கையில் எடுத்துக்கொண்டு, விசாரிக்காமல் ஒருவரை வெளியேற்றிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் இரு தரப்பையும் கேட்க வேண்டும், இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்கிறேன். ஸ்டால்மன் 2018இல் விதிக்குப் பதிலாக 'கனிவாகப் பேசும் வழிகாட்டுதல்கள்' எழுதினார். படித்தேன், நல்ல அறிவுரைகள். அறிவுரை கேட்கிற மனிதருக்கு அது போதும். என் மாணவிக்குப் பதில் எழுதியவருக்குப் போதாது. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் 2014இல் தங்கள் நடத்தை நெறியை உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் வைத்து நிறைவேற்றினார்கள். நம் குழுக்களும் அப்படிச் செய்யலாம், பேசித் தீர்க்கலாம்.

பேசும்போது தமிழில் பேசுங்கள், தமிழில் எழுதுங்கள். 'சாதி' என்ற சொல்லைத் தயங்காமல் போடுங்கள். சொந்த ஊர் எது என்று துருவுவதும் அதில் அடங்கும் என்று விளக்கியே எழுதுங்கள், ஏனென்றால் நம் ஊரில் சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. புகார் கேட்க இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவர்களுடைய பெயரும் எண்ணும் அந்த அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும். கூட்டத்தை எப்போதும் அடையாறிலும் தரமணியிலும் மாலையில்தான் நடத்த வேண்டும் என்று எந்த உரிமத்திலும் எழுதவில்லை. காலையில் வைத்தால், இலவச பஸ்ஸில் போய் வெளிச்சத்திலேயே வீடு திரும்ப முடியும் எங்கள் பெண்களால்.

என் மாணவி அந்தத் திட்டத்துக்குத் திரும்பவில்லை. படிப்பைத் தொடர்கிறாள், மாலையில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். எப்போதாவது வந்து சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ்99 விசைப்பலகை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறாள். நான் அவளை வற்புறுத்தவில்லை. இங்கே உள்ள பதினொரு கணினிகளில் மட்டும் அந்த வரியை அவள் எழுதியபடியே மாற்றி வைத்திருக்கிறேன். உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது.

எங்கள் பயிலகம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பூட்டித்தான் கிடக்கிறது. இருபது நாற்காலிகள் இருக்கின்றன, இணைய இணைப்பும் இருக்கிறது, வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். நகரின் எந்தக் கட்டற்ற மென்பொருள் குழு வந்து கூட்டம் நடத்தினாலும் வாடகை வேண்டாம். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை–39.