திடலைத் திறந்து விடுங்கள்: எங்கள் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்ட நிர்வாகி ஐயா அவர்களுக்கும் மேலலுவலக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். சென்ற ஞாயிறு மாலை, இறந்துபோன எங்கள் மாமாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த எங்களை உள்ளே விடாமல் பந்துத் திடலைப் பூட்டி வைத்தது உங்களுக்குத் தெரியும். ஜாகா (காவலாளி) உங்களுக்குப் போன் போட்டுப் பேசியதை நாங்கள் எதிரிலேயே நின்று பார்த்தோம். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். மாமாவுக்காக ஒரு மாலை நேரம் திடலைத் திறந்து விடுங்கள்.

மாமா என்றுதான் எழுத வருகிறது. ஊருக்கே அவர் மாமா. உங்கள் பதிவேட்டில் அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அந்த மரங்கள் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகு குலை வெட்டியவர், வயதாகி ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர்தான் சிலாங்கூர் கால்பந்து அணி. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குச் சிவப்பு மஞ்சள் சட்டை முதன்முதலில் கண்ணில் பட்டது அவர் மேல்தான். 1980இல் தென்கொரியாவை 2–1 என்று வென்று மலேசியா ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதே, அந்த ஆட்டத்துக்கு லாரி பின்னால் நின்றபடி மெர்டேக்கா அரங்கத்துக்குப் போனவர் அவர். அன்று கோல் கம்பத்தில் நின்றவர் ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பிடித்து ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கியவர், சிலாங்கூரின் கோல்காவலர். ஒலிம்பிக் நடந்த மாஸ்கோவுக்கு அணி கடைசியில் போகவில்லை, நாடு புறக்கணித்துவிட்டது. அந்த வருத்தத்தை மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1988 டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தபோது எனக்குப் பத்து வயது. செய்தி வந்த மறுநாள் சாயங்காலம் மாமா இந்தத் திடலின் கோல் கம்பத்தடியில் ஒரு அகல்விளக்கு ஏற்றினார். யாரையும் கூப்பிடவில்லை. வேலை முடித்துக் குளித்துவிட்டு ஆள்கள் தானாக வந்தார்கள். வலை இல்லாத அந்தக் கம்பத்தைச் சுற்றி லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்க நின்றது. அப்போதிருந்த துரை ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பெர்மிட் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அப்போது இந்தத் திடலுக்கு வேலியும் இல்லை.

ஐயா, அப்படி விளக்கு ஏற்றிய மனிதனுக்கு அதே கம்பத்தடியில் ஒரு விளக்கு ஏற்றத்தான் கேட்டோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்து நாள் முன்பே கடிதம் கொடுத்தோம். கிராணி (அலுவலக எழுத்தர்) வாங்கி வைத்துக்கொண்டு, “சரி, சொல்லிவிடுகிறேன்” என்றார். பிறகு இரண்டு முறை போய்க் கேட்டோம். பதில் இல்லை. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஜாகா மூலமாகப் பதில் வந்தது: பந்து ரசிகர்கள் கூடினால் கலாட்டா வரும், போலீஸ் பெர்மிட் இல்லாமல் விட முடியாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பாதி வழியில் இருந்தார்கள். சமையல் இறக்கியாகிவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவில் புதுச் சங்கிலி, புதுப் பூட்டு. பூட்டில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. பழைய பூட்டுக்குச் சாவி மாமா வீட்டில் இருக்கிறது என்பது அலுவலகத்துக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் சுண்ணாம்பு வாளியோடு போய்க் கோடு போட்டது அவர்தானே. முப்பது வருஷம், சம்பளம் இல்லாமல். அந்தச் சாவி சேராத பூட்டாகப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்.

அத்தை அந்தப் பழைய சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தார். முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து, பூட்டில் வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் நுழையவில்லை. “இது இல்லப்பா” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டார். அவருக்கு மூட்டுவலி, நிற்க முடியாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து சாலை ஓரத்தில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் போட்டோம். மாமாவின் ஜெர்சியை வேலிக் கம்பியில் மாட்டினோம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒவ்வொன்றாகப் போகப் போக, புழுதி கிளம்பி விளக்கு அணைந்தது. ஏற்றினோம். அணைந்தது. நான்காம் தடவை அத்தையே “போதும்” என்று சொல்லிவிட்டார். படையல் இலையின் மேல் செம்மண் படிந்திருந்தது. அதைத் துடைத்துவிட்டுத்தான் காக்கைக்குச் சோறு வைத்தோம்.

வந்தவர்களில் யாரும் குரலை உயர்த்தவில்லை. அதை உங்கள் ஜாகாவிடமே கேளுங்கள். கலாட்டா செய்கிற கூட்டம் என்று எங்களைச் சொன்னீர்களே, அந்தக் கூட்டம்தான் வேலிக்கு வெளியே தலை குனிந்து நின்றுவிட்டு, விழுந்த வாழை இலைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

பெர்மிட் பற்றி ஒரு வார்த்தை. 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம் சமயக் கூட்டங்கள், இறுதி ஊர்வலம், குடும்ப ஒன்றுகூடல் இவற்றுக்குப் போலீசிடம் முன்னறிவிப்பே கேட்பதில்லை. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் வரிசையாக இருக்கிறது. நிலம் உங்களுடையது, உங்கள் சம்மதம் வேண்டும். அது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் முறையாகக் கடிதம் எழுதினோம். முடியாது என்றால் முடியாது என்று பத்து நாள் முன்பே சொல்லியிருக்கலாம். போலீசைக் காட்டியிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை போனது, பேசாமல் இருந்தோம். மருந்துக்கடை அறையைச் சாமான் அறையாக்கினீர்கள், பேசாமல் இருந்தோம். கம்பெனி விளையாட்டு விழாவுக்கு இதே திடலில் கூடாரம் போட்டு இரவு பதினொரு மணி வரை மைக் செட் ஓடியது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தலைமுறையாக இங்கே உழைத்தவர்களுக்கு உயிரோடு இருக்கும்போது வீடு சொந்தமில்லை. செத்த பிறகு மூன்று மணி நேரம் புல்தரையில் நிற்கவும் உரிமையில்லை என்றால், நாங்கள் வேறு எங்கே போய் நிற்பது? ஷா ஆலம் அரங்கத்துக்குப் போகலாம் என்றால் அதையும் இடித்தாயிற்று. 2015 டிசம்பரில் அங்கேதான் சிலாங்கூர் கெடாவை 2–0 என்று வென்று 33ஆவது முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அன்று வாடகை வேனில் எங்களில் பதினான்கு பேரைக் கூட்டிப்போய், திரும்பும் வழியில் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தவர் மாமா. வேனில் அவர் கத்திப் பாடியதை நினைத்து நினைத்துச் சிரிக்கத்தான் சென்ற ஞாயிறு கூடுவதாக இருந்தோம். அழுவதற்கு மட்டும் இல்லை. அவர் பெயரில் கிழவர்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம் என்று அரை மணி நேரம் பந்து விளையாடவும் இருந்தோம்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு சண்டை போட்டு இந்த ஊரில் எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மறுபடியும் பணிவாகவே கேட்கிறோம். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை திடலைத் திறந்து விடுங்கள். மைக் வேண்டாம், விளக்குக் கம்பத்துக்குக் கரண்ட் வேண்டாம், கூடாரம் வேண்டாம். குப்பையை நாங்களே அள்ளிக்கொள்கிறோம். ஜாகா கூடவே நிற்கட்டும். ஐயா, நீங்களும் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

கோடு போடச் சுண்ணாம்பு வாங்கி வைத்துவிட்டோம். அது காய சனிக்கிழமை இரவு வேண்டும். அதனால் சனிக்கிழமை நான்கு மணிக்கே சாவியை அத்தை கையில் கொடுத்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தோட்டத்துப் பந்து ரசிகர்கள் சார்பில்,
மாமாவிடம் பந்து பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒருவன்