பிகினர் கிட் கேட்டு வருபவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

முழுப்பரீட்சை முடிந்த கையோடு சென்னை ரிச்சி தெருவில் எங்கள் கடைக்கு ஒரு கூட்டம் வரும். பிள்ளையைக் கையில் பிடித்தபடி வரும் அப்பாவோ அம்மாவோ, "எலக்ட்ரானிக்ஸ் கத்துக்கணுமாம், பிகினர் கிட் ஒண்ணு குடுங்க" என்பார்கள். பணி ஓய்வு பெற்றவர்களும் கேட்கிறார்கள். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, ராத்திரி எதையாவது கையால் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிற ஐடி பிள்ளைகளும் கேட்கிறார்கள். அந்தக் கிட் பெட்டியை இப்போது நாங்கள் விற்பதில்லை. "ஸ்டாக் எப்ப வரும்?" என்று கேட்பவர்களுக்குக் கல்லாவில் நின்றுகொண்டு முழுக் கதையும் சொல்ல முடியாது, பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள். அதனால்தான் இந்த மடல்.

பெட்டியைத் திறந்தால் சால்டரிங் அயர்ன் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கருவி), மஞ்சள் மீட்டர் (வோல்ட், கரன்ட் அளக்கும் மல்டிமீட்டர்), ஈயம் உறிஞ்சும் பம்ப், ஐந்தாறு பிட்டு (அயர்னின் சூடாகும் நுனி), ட்வீசர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஜிப் பைக்குள் வரிசையாக இருக்கும். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அயர்னின் ஒயர் நூல் மாதிரி மெல்லிசு, பிளக் நம் ஊர்ப் பாயின்ட்டில் நிற்காமல் ஆடும். பத்துப் பொருளுக்குப் பங்கு போட்ட காசில் பத்தும் சுமாராகத்தான் வரும். வீட்டில் ஒரு மேசை போட்டுப் பழக நினைப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: அயர்ன், மீட்டர், பவர் சப்ளை, இந்த மூன்றையும் நன்றாக வாங்குங்கள். மற்றதெல்லாம் வேலை வரும்போது ஒவ்வொன்றாக வந்து சேரும்.

அதற்கும் முன்னால் இடம். தனி அறையெல்லாம் வேண்டாம். இருக்கிற மேசை மேல் இரண்டுக்கு மூன்றடியில் ஒரு பிளைவுட் பலகை போட்டால் போதும். சன்மைக்கா மேசையில் நேரடியாக வேலை செய்தால் முதல் வாரத்திலேயே கறுப்பு வட்டம் விழும், வீட்டில் அர்ச்சனையும் விழும். கைநிழல் வேலையின் மேல் விழாதபடி ஒரு டேபிள் லாம்ப் இடப்பக்கம் இருக்கட்டும் (இடக்கைக்காரர்களுக்கு வலப்பக்கம்). மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். காற்று பிட்டின் சூட்டைக் குறைத்துக்கொண்டே இருக்கும், ஈயம் உருகுவதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், புகை முகத்தில் அடிக்கக்கூடாது.

பிளக் பாயின்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். மூன்று ஓட்டைப் பாயின்ட்டில் மேலே இருக்கும் பெரிய ஓட்டைதான் எர்த். பழைய வீடுகளில் அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருப்பது உண்டு. எர்த் இல்லாவிட்டால் அயர்னில் ஏதாவது கசிவு ஏற்படும்போது அது பிட்டு வழியாக உங்கள் கைக்கோ ஐசிக்கோ (சிப்புக்கோ) வரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதே நாளில் அதையும் போடச் சொல்லுங்கள். இதை நாங்கள் விற்பதில்லை. இருந்தாலும் எங்களிடம் வாங்கும் எந்தப் பொருளையும்விட இது முக்கியம். ஜங்ஷன் பாக்ஸ் வாங்கினால் தனி சுவிட்ச் உள்ளதாக வாங்குங்கள். எழுந்து போகும்போது ஒரே சுவிட்சில் மேசை முழுவதும் அணைய வேண்டும்.

சரி, அயர்னுக்கு வருவோம். பழைய மெக்கானிக்குகள் 25 வாட் அயர்னிலேயே காலத்தை ஓட்டியவர்கள். அது இன்றும் கடையில் இருக்கிறது, குறை சொல்ல மாட்டோம். ஆனால் அதற்குச் சூட்டைக் கட்டுப்படுத்தத் தெரியாது. வோல்டேஜ் இறங்கினால் அதன் வாட் இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கும். 230 வோல்ட்டில் 25 வாட் தரும் அயர்ன், சாயங்காலம் 190 வோல்ட் ஆகும்போது சுமார் 17 வாட்தான் தரும். கை பழகியவர் அதைச் சமாளிப்பார். புதிதாகப் பிடிப்பவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அதனால் புதியவர்களுக்கு நாங்கள் எடுத்துத் தருவது சூடு திருகி வைக்கக்கூடிய 60 வாட் அயர்ன், மூன்று பின் பிளக்கோடு. கூடவே கனமான இரும்பு ஸ்டாண்ட். பெட்டியில் வரும் தகர ஸ்டாண்ட் ஒயர் இழுத்தாலே கவிழும்.

ஈயக்கம்பியில் 63/37 கேளுங்கள். 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். இது 183 டிகிரியில் உருகும், அதே 183-இல் சட்டென்று இறுகும். 60/40 கம்பி விலை சற்றுக் குறைவு, ஆனால் அது இறுகும் வழியில் சில டிகிரிக்கு கூழாக நிற்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் இணைப்பு மணல் மாதிரி மங்கலாகிவிடும். மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பது இதையும் சேர்த்துத்தான். டிவியைத் தட்டினால் படம் வருவதற்குப் பின்னால் பல தடவை இருப்பது டிரை சால்டர்தான். காரீயம் இல்லாத கம்பியும் உண்டு, அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பழகும்போது அது வேண்டாம். கனம் 22 கேஜ் எடுங்கள், 0.7 மில்லிமீட்டர் வரும். பாத்திரத்துக்கு ஈயம் பற்றவைப்பவர்கள் பயன்படுத்தும் ஆசிட் ஃப்ளக்ஸை (ஈயம் பிடிக்கத் தடவுவது) மேசைப் பக்கமே கொண்டு வராதீர்கள், சர்க்யூட் போர்டின் செம்பை அது அரித்துவிடும். கம்பிக்கு உள்ளேயே ரோசின் என்ற பிசின் ஃப்ளக்ஸ் இருக்கிறது, ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

பற்றவைக்கும்போது எல்லோரும் செய்வது, பிட்டில் ஈயத்தை உருக்கி எடுத்து இணைப்பின் மேல் தடவுவது. காயாத கல்லில் தோசை வார்த்தது போல அது ஒட்டாமல் உருண்டு நிற்கும். அயர்னை 330 டிகிரி பக்கம் வைத்து, பிட்டை போர்டின் செம்பு வட்டத்தையும் ரெசிஸ்டரின் (கரன்ட்டை மட்டுப்படுத்தும் உதிரி) கம்பிக் காலையும் ஒரே நேரத்தில் தொடும்படி பிடியுங்கள். ஒரு நொடி கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியைக் காலில் தொடவைத்தால் ஈயம் தானாக வழிந்து வட்டத்தை நிரப்பும். முதலில் கம்பியை எடுங்கள், அப்புறம் பிட்டை. மொத்தமே மூன்று நொடி. நல்ல இணைப்பு பளபளவென்று, காலைச் சுற்றி உள்வாங்கிய சரிவாக இருக்கும். உருண்டையாக இருந்தால் செம்பில் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பிட்டு கறுத்துவிட்டது என்று அரம் போட்டுத் தேய்த்துக் கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள். இப்போது வரும் பிட்டுகளில் செம்பின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கிறது. அது போனால் பிட்டை ஈயமே தின்றுவிடும். பித்தளை நாரில் துடைத்து, அணைப்பதற்கு முன் நுனியில் கொஞ்சம் ஈயம் பூசி விடுங்கள். அந்த ஈயப் பூச்சுதான் பிட்டை அடுத்த முறை வரைக்கும் காப்பாற்றும்.

அடுத்து மீட்டர். விலை குறைந்த மஞ்சள் மீட்டரிலும் 5 வோல்ட், 9 வோல்ட் வேலை பழகலாம். வாங்கும்போது கன்டினியூட்டி (இணைப்பு தொடர்ந்து இருக்கிறதா என்று பார்க்கும் நிலை) வைத்து, அளக்கும் ஒயர்களின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டால் பீப் அடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சில மாடல்களில் பஸ்ஸரே இருக்காது. பஸ்ஸர் இல்லாத மீட்டரில் போர்டைத் தேடும்போது, ஒரு கண் போர்டிலும் ஒரு கண் டிஸ்பிளேயிலும் வைக்க வேண்டி வரும். டயலில் 750 வோல்ட் ஏசி என்று அச்சடித்திருந்தாலும் அந்த மீட்டரைச் சுவர் பாயின்ட்டில் சொருகாதீர்கள். வீட்டுக் கரன்ட்டை அளக்க, கேட் 3 என்ற பாதுகாப்புத் தரத்துக்கு உண்மையிலேயே சோதித்த மீட்டரும் நல்ல முள்ளும் வேண்டும். அது வேறு விலை, வேறு வேலை.

மீட்டர் செத்துவிட்டது என்று எங்களிடம் வருபவற்றில் பெரும்பாலும் நடந்தது ஒன்றுதான். கரன்ட் அளக்கச் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றியிருப்பார்கள். வேலை முடிந்ததும் டயலை வோல்ட்டுக்குத் திருப்புவார்கள், ஒயரை மாற்ற மறந்துவிடுவார்கள். அடுத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் முள்ளை வைத்தால் அது நேரடி ஷார்ட். அந்த ஓட்டைக்குப் பின்னால் இருப்பது ஒரு தடித்த கம்பித் துண்டுதான். மலிவு மீட்டர்களில் பக்கத்திலேயே ‘அன்ஃபியூஸ்டு’ என்று எழுதியிருப்பார்கள், கரன்ட்டை நிறுத்த அங்கே ஃபியூஸ் கிடையாது. கரன்ட் அளந்த உடனே சிவப்பு ஒயரைப் பழைய ஓட்டைக்குக் கொண்டு வந்த பிறகுதான் மற்ற வேலை.

மூன்றாவது பவர் சப்ளை. பட்ஜெட் இடிக்கிறது என்றால் 9 வோல்ட் பேட்டரியும், நல்ல கம்பெனியின் 5 வோல்ட் மொபைல் சார்ஜரும் போதும். முடிந்தவர்கள் 0 முதல் 30 வோல்ட் வரை திருகக்கூடிய பெஞ்ச் சப்ளை எடுங்கள். அதில் வோல்டேஜைவிட முக்கியம் கரன்ட் லிமிட் திருகிதான். 5 வோல்ட், 0.1 ஆம்பியர் என்று வைத்துவிட்டால், ஒயர் தப்பாகப் போனாலும் சப்ளை தானே வோல்டேஜை இறக்கிக்கொள்ளும், கரன்ட் எல்லையைத் தொட்டுவிட்டது என்று காட்டும் சிசி விளக்கு எரியும். ஐசி பிழைக்க வாய்ப்பு உண்டு. கற்றுக்கொள்பவர் தப்பு செய்யாமல் இருக்கப் போவதில்லை, தப்பின் விலையைக் குறைக்கிற கருவி இது. லிதியம் செல்லை மட்டும் முதல் சில மாதங்களுக்குத் தொடாதீர்கள். அதை ஷார்ட் செய்தால் நிறுத்த ஆளில்லை. அதே போல கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி இருக்கலாம்.

உதிரிகள் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கால் வாட் ரெசிஸ்டரில் 330 ஓம், 1கே, 4.7கே, 10கே, 68கே, 100கே என்று ஆறு மதிப்பு, கொஞ்சம் எல்இடி, 0.1 மற்றும் 10 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர்கள், நாலைந்து டிரான்சிஸ்டர், 555 என்ற டைமர் ஐசி இரண்டு. மாத்திரை டப்பாவில் பிரித்து வையுங்கள். ஆயிரம் ரெசிஸ்டர் மூட்டை வாங்கினால் அதில் பாதி மதிப்புகளை வாழ்நாளில் தொட மாட்டீர்கள். பிரெட் போர்டு (பற்றவைக்காமல் சொருகியே சர்க்யூட் கட்டும் பலகை) 830 ஓட்டை உள்ளது எடுங்கள். ஓரத்துச் சிவப்புக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் உள்ளே பட்டையும் அங்கே துண்டாகியிருக்கும். ஒரு பாதியில் சப்ளை கொடுத்துவிட்டு மறு பாதியில் சர்க்யூட் வேலை செய்யவில்லை என்று கட்டியதைப் பிரித்தவர்கள் நிறைய. கன்டினியூட்டி வைத்து முதலில் போர்டையே ஒரு முறை சோதித்துவிடுங்கள், மீட்டர் பழக நல்ல பயிற்சியும்கூட.

ஆசிலோஸ்கோப் (மின் அலையைப் படமாகக் காட்டும் கருவி), ஹாட் ஏர் கன் (சூடான காற்றால் ஈயம் உருக்கும் கருவி) கேட்பவர்களை நாங்களே திருப்பி அனுப்புகிறோம். ஆறு மாதம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், அப்போது எதற்கு வேண்டும் என்று உங்களுக்கே சொல்லத் தெரியும்.

முதல் வேலையாக என்ன செய்வது? 1972-இல் சந்தைக்கு வந்து இன்றும் விற்கும் 555-ஐ வைத்து எல்இடி சிமிட்டுங்கள். 1-ஆம் கால் மைனஸ், 8 பிளஸ், 4-ஐ 8-ஓடு சேருங்கள், 2-ஐ 6-ஓடு. 8-க்கும் 7-க்கும் இடையில் 1கே, 7-க்கும் 6-க்கும் இடையில் 68கே, 6-லிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோ ஃபாரட் (கண்டன்சரில் கோடு போட்ட பக்கம் மைனஸ்). 3-ஆம் காலில் 330 ஓம், அதன் பின் எல்இடி, அதன் குட்டைக் கால் மைனஸுக்கு. 5 வோல்ட் கொடுத்தால் நொடிக்கு ஏறக்குறைய ஒரு சிமிட்டல். பிரெட் போர்டில் ஓடிய பிறகு அதையே டாட் போர்டில் (ஓட்டையும் செம்பு வட்டமும் வரிசையாக உள்ள பலகை) பற்றவையுங்கள். அணைந்தே இருந்தால் ஐசியைச் சந்தேகப்படுவதற்கு முன் மீட்டரை எடுத்து 8-ஆம் காலில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

சின்னப் பிள்ளைகள் அயர்ன் பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அடுத்த அறையில் இருந்தால் போதாது. உதிரிகளின் மிச்சக் கம்பிக் காலை வெட்டும்போது துண்டு கண்ணுக்குத் தெறிக்கும், சாதாரணக் கண்ணாடியாவது போடுங்கள். பற்றவைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை, எழும் புகை ரோசினுடையது. அது மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு ஆகாது. காரீயம் உடம்புக்குள் போவது விரல் வழியாகத்தான். அந்த மேசையில் முறுக்கு, டீ எதுவும் வேண்டாம், எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கடையில் அயர்னைச் சூடாக்கி, மீட்டரை ஓட்டிக் காட்டித்தான் தருவோம், அவசரத்தில் வேண்டாம் என்று கிளம்பாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் நிற்கவே இடம் இருக்காது, வார நாளில் காலையில் வந்தால் உட்கார்ந்து பேசலாம். வெளியூர்க்காரர்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால், அதற்கு வேண்டியதை மட்டும் பார்சல் போடுகிறோம். ஏற்கெனவே பழைய கிட் பெட்டி வாங்கியவர்கள் அயர்ன் பிளக் ஆடினால் கொண்டு வாருங்கள், மூன்று பின் பிளக்கும் தடித்த ஒயரும் மாற்றித் தருகிறோம். சாமானுக்கு மட்டும் காசு.

இப்படிக்கு,
கடையில் இருக்கும் நாங்கள்