சனி ஞாயிறுத் தூக்கம்

அம்பாசமுத்திரம்
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். சாரல் தொடங்கிவிட்டதால், பொதிகைப் பக்கமிருந்து வரும் காற்றில் ஒன்பது மணிக்கே எங்களுக்குக் கண் சொக்கிவிடுகிறது. உனக்கு அப்படி இல்லை என்பதை நீ சொல்வதற்கு முன்பே நான் அறிவேன்; காலையில் எழுந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால், நீ கடைசியாக வந்துபோன நேரம் 2.40, 3.05 என்று இருக்கிறது. வேவு பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதே, கண்ணில் பட்டது.

பதினொரு மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை, சனி ஞாயிறில் நண்பகல் வரை தூங்கிச் சரிக்கட்டிவிடுகிறேன் என்று போனில் சொன்னாயே, அந்தச் சரிக்கட்டலில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. மில்லில் நான் பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்த காலத்தில், முழு நைட் முடிந்து பகலுக்குத் திரும்பும் வாரமெல்லாம் பத்தமடைப் பாயின் கோரையை விரலால் தடவி எண்ணியபடியே கிடந்து, விடியற்காலைச் சங்கு ஊதும்போது ஒரு பொட்டும் தூங்காமல் எழுந்து போவேன். நீ அப்போது தொட்டில் பிள்ளை. விடுமுறை நாளில் நண்பகலிலும் திங்களன்று ஏழு மணிக்கும் எழுகிற நீ, யாரும் சொல்லாமலே உனக்கு நீயே ஷிப்ட் மாற்றிக்கொள்கிறாய். எனக்காவது அதற்கு நைட் அலவன்ஸ் கொடுத்தார்கள்.

அந்த நாளில் பாளையங்கோட்டையில் நான் பார்த்த மருத்துவர், படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தைக் கெட்டியாகப் பிடிக்கச் சொன்னார். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து, அது போதிய அளவு சேரும்போதுதான் உடம்பு தூக்கத்தைக் கேட்கிறது. நண்பகலில் எழுந்தவளுக்கு இரவு 11 மணிக்குப் பதினொரு மணி நேர விழிப்புதானே ஆகியிருக்கும்? இதில் மாலைக் காபி வேறு. காபியிலுள்ள காஃபின் அந்த அடினோசினை வேலை செய்யவிடாமல் மறிப்பது. உடம்பில் அது பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும் என்பதால், 6 மணிக்கு நீ குடிப்பதில் ஏறக்குறைய பாதி படுக்கும்போதும் உனக்குள் இருக்கிறது. காபியை மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்.

வெளிச்சமும் அப்படித்தான். இருட்டினால் சுரந்து, தூங்கும் நேரம் வந்ததென்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற சுரப்பை, முகத்துக்கு நேரே பிடித்த போன் தள்ளிப்போடும். காலை வெயிலோ உடம்பின் கடிகாரத்தை அன்றன்றைக்குத் திருத்தி வைக்கும்.

எனக்குக் கடினமாக இருந்தது வேறொன்று. இருபது நிமிடம்போலக் கிடந்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும், கண் சொக்கிய பிறகே திரும்பிப் படுக்க வேண்டும் என்றார் அவர். இல்லையேல் படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடம்பு பழகிவிடுமாம். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். முதல் இரவு உன் அம்மா கள்ளன் என்று நினைத்துச் சத்தம் போட்டதில் தெருவே எழுந்துவிட்டது. பதினைந்து நாள் கழித்துத்தான் பலன் தெரிந்தது, அதுவரை பகலெல்லாம் தள்ளாட்டம்தான். ஆகையால் முதல் வாரத்திலேயே சலித்துவிடாதே. வண்டி ஓட்டுவதை மட்டும் அந்த நாட்களில் தவிர்த்துவிடு.

உன் வயதுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக இப்படியே இருந்தால் மருத்துவரிடம் போ. மாத்திரைக்கு முன்னால் பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சை உண்டு, அதைக் கேள். மெடிக்கலில் நீயாக எதையும் வாங்கிப் போடாதே.

வருகிற சனிக்கிழமை காலை 7 மணிக்கு அழைப்பேன். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்து, வெயிலில் நின்று பேசு.

அன்புடன்,
அப்பா