குதிரை வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் சங்கத்து உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. குடற்புழு நீக்க மருந்தும் டெட்டனஸ் தடுப்பூசியும் உரிய காலத்தில் கொடுக்கப்பட்டன. ஆடியில் உறுப்பினர்கள் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குச் சென்றுவந்தனர். பொங்கல் விழா இனிதே நடந்தது.

இனி, இன்சுலின் பரிசோதனை முகாம். "குதிரைக்கும் சர்க்கரை வியாதியா?" என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். அதற்கான பதிலைப் பதிவு செய்வது என் கடமை.

இது சர்க்கரை வியாதி அன்று. மெட்டபாலிக் சிண்ட்ரோம் எனப்படும் வளர்சிதை மாற்றக் கோளாறு. இதில் ரத்தச் சர்க்கரை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இன்சுலின்தான் அளவு மீறிச் சுரக்கும். அந்த இன்சுலின் குளம்பைத் தாக்குகிறது. 2007இல் ஆஸ்திரேலியாவில், நோயில்லாத மட்டக்குதிரைகளுக்குச் சர்க்கரை அளவு மாறாதபடி குளுக்கோஸும் சேர்த்து, இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றினார்கள். மூன்று நாட்களுக்குள் அவற்றுக்குக் குளம்பு அழற்சி வந்துவிட்டது. ஆகவே, வீட்டில் இருக்கும் சர்க்கரைக் கருவியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து நிம்மதி அடைவதில் பொருளில்லை.

முகாமுக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் குதிரை வந்தது. பிடரிமேடு கைப்பிடிக்குள் அடங்கவில்லை. வாலடியில் இருபுறமும் கொழுப்பு திரண்டிருந்தது. உடையவர் "நல்ல புஷ்டி" என்றார். லாடம் கட்டுபவர் முன்னங்காலைத் தூக்கிக் குளம்பில் ஓடிய வளையங்களைக் காட்டினார்: முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் இருந்தன. அழற்சி ஏற்கெனவே வந்துபோன தடயம் அது. இரவில் தீனி நிறுத்தி, காலையில் எடைக்கேற்ப மக்காச்சோளப் பாகை ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் செலுத்தினோம். கிலோவுக்கு 0.15 மில்லி, அதாவது 200 கிலோ மட்டக்குதிரைக்கு 30 மில்லி. 60 முதல் 90 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பாகு உண்டபின் இன்சுலின் மில்லிலிட்டருக்கு 45 மைக்ரோயூனிட்டைத் தாண்டினால் கோளாறு என்று கொள்வது வழக்கம். அந்தக் குதிரை அதைத் தாராளமாகத் தாண்டியிருந்தது.

காரணத்தை எங்கும் தேட வேண்டியதில்லை. கோடை விழாவுக்குப் பிறகு சவாரி குறைகிறது. மழை பெய்து மலையெல்லாம் புல் தளதளக்கிறது. குதிரை நின்ற இடத்திலேயே மேய்கிறது. சேலத்தில் இருப்பவர்கள் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பியை மலிவாகக் கிடைக்கிறதென்று தொட்டியில் கொட்டுகிறார்கள். அது மாவுச்சத்து. போதாததற்கு வெல்லம் வேறு.

மருத்துவர் சொன்னதை மறுபடி எழுதுகிறேன், அன்று வராதவர்களுக்காக. திப்பி, வெல்லம், தானியம் மூன்றையும் நிறுத்த வேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு காய்ந்த புல் போதும். அதையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்துக் கொடுத்தால் சர்க்கரை குறையும். மேய்ச்சலுக்கு விட்டால் வாய்க்கூடை கட்டுங்கள். நொண்டல் இல்லாத குதிரையைத் தினமும் நடத்துங்கள். நொண்டினால் நடத்தவே கூடாது, அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். இளைக்கட்டும் என்று பட்டினி போடுவதும் கூடாது. மட்டக்குதிரைக்கு ரத்தத்தில் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்தாகும். 15 வயதைத் தாண்டியவற்றுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பிக் கோளாறும் இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடு செய்தும், பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூடக் குதிரையைக் கொண்டுவரவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னே சாய்த்து நிற்கும் குதிரையை "வாதம்" என்று எண்ணெய் தேய்த்துவிட்டு, நடக்கவே முடியாமல் போனபின் இரவில் தொலைபேசியில் அழைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள். அப்போதும் ஓடினேன், குதிரை சந்தா கட்டுவதில்லை, வலியைத்தான் படுகிறது.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் படிப்பார். சந்தா வரவு குறைவு. முகாம் செலவின் ஒரு பகுதியை நன்கொடை ஈடுகட்டியது; மிச்சத்தைச் சிலர் தம் கையிலிருந்து போட்டார்கள். கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இலவசமாக நேரம் தந்த கால்நடை மருத்துவருக்கும், லாடம் கட்டுபவருக்கும், இடம் கொடுத்த தோட்ட உரிமையாளருக்கும், தலைவருக்கும் சங்கத்தின் நன்றி.

கோளாறு தெரிந்த குதிரைகளுக்கு மறுபரிசோதனை தேவை. தேதியை நான் குறித்துவிடுவேன். ஆய்வகக் கட்டணத்தைச் சங்கம் மட்டும் தாங்க முடியாது. மழைக்காலப் புல் தலையெடுக்கும் முன்பே முகாம் நடந்தாக வேண்டும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்