சமய ஒப்பீடு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

யூத மரபில் பணிவு என்றதும் பெரும்பாலும் மோசேயோடு பாடத்தை முடித்துவிடுகிறீர்கள். பூமியில் அவரைவிடச் சாந்தமானவர் இல்லை என்று எண்ணாகமம் 12 சொல்கிறது, மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள், மணி அடித்துவிடுகிறது. பதவியும் மரியாதையும் கையில் இருக்கும்போது பணிவு என்ன பாடுபடும் என்பதை, யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களையும் கதைகளையும் தொகுத்த நூலான தல்மூத் விரிவாகக் காட்டுகிறது. தயவுசெய்து அதையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.

யூத அறிஞர்கள் கூடிய யாவ்னே ஊர்க் கல்விக்கூடம். இரவுத் தொழுகை கட்டாயமா, விருப்பமா என்று விவாதம். தலைவர் ரப்பான் கம்லியேல் கட்டாயம் என்கிறார். மாற்றுக் கருத்துச் சொன்ன ரபி யெஹோசுவாவை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, அவர் நிற்க நிற்கத் தன்பாட்டுக்குப் பாடம் நடத்துகிறார். கூட்டம் பொறுக்காமல் அவரைத் தலைமையிலிருந்தே இறக்கிவிடுகிறது. இளைஞரான எலெயாசர் பென் அசரியா அந்த இடத்துக்கு வருகிறார். வாசல்காவலாளியை அகற்றி, விரும்பிய எல்லோரையும் உள்ளே விட்டார்கள். அன்று உட்காரும் பலகைகள் 400 கூடுதலாகப் போட்டார்கள் என்கிறார் ஒருவர். 700 என்கிறார் இன்னொருவர்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த இடம். பதவி போன அன்றும் கம்லியேல் ஒரு நாழிகைகூடக் கல்விக்கூடத்தைவிட்டு விலகவில்லை. உட்கார்ந்து வாதிட்டார், யெஹோசுவாவிடம் தோற்றார். அப்புறம் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்கே போனார். சுவரெல்லாம் கறுப்பு. “நீர் கரித்தொழில் செய்பவர் போலிருக்கிறதே” என்றார். “உம்மைத் தலைவராகப் பெற்ற தலைமுறை பாவம். அறிஞர்கள் என்ன பாடுபட்டுப் பிழைக்கிறார்கள் என்றுகூட உமக்குத் தெரியவில்லை” என்று பதில் வந்தது. கேட்ட மன்னிப்பையும் யெஹோசுவா முதலில் காதில் வாங்கவில்லை. “என் தந்தை வீட்டு மரியாதைக்காகவாவது” என்று கம்லியேல் சொன்ன பிறகே இரங்கினார். அந்த இடத்திலும் மரியாதை வந்து நிற்கிறது பாருங்கள். தல்மூத் அதை மறைக்கவில்லை, நீங்களும் மறைக்க வேண்டாம்.

எல்லாக் குணங்களிலும் நடுவழியைச் சொன்ன இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸ், கர்வத்துக்கும் கோபத்துக்கும் மட்டும் எதிர்க்கோடிக்கே போகச் சொன்னதையும் இதன் பிறகு சொன்னால் மாணவர்களுக்குக் காரணம் புரியும்.

நேரம் இருந்தால் ஹில்லேல் என்ற யூத அறிஞரின் வழிவந்த பள்ளியையும் சேருங்கள். 3 ஆண்டுச் சர்ச்சையில் அவர்கள் தீர்ப்பே நிலைத்ததற்குக் காரணம், அவர்கள் சாந்தமானவர்கள். எதிர்த்தரப்பான ஷம்மாய் பள்ளியின் கருத்தையும், அதுவும் தங்கள் கருத்துக்கு முன்னால், கற்பித்தவர்கள். மாணவர்கள் தங்கள் கட்டுரையிலேயே இப்படி எழுதிப் பழகலாம்.

கம்லியேல் கதை தல்மூத்தின் பெராகோத் என்ற பகுதியில் 27ஆம் தாளின் பின்பக்கத்தில் தொடங்குகிறது. ஒரு வகுப்பு நேரம் போதும்.