கடுகு டப்பாவில் கொலிசியத்து மண்: பேஸ்பால் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் அவர்களுக்கு,

வணக்கம். இதை நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். எங்கள் அத்லெட்டிக்ஸ் அணியை ஓக்லண்டை விட்டுக் கொண்டுபோக விடாதீர்கள் என்று ஓக்லண்ட்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதிய ஆயிரம் கடிதங்களுக்கே பலன் இல்லை. இருந்தாலும் கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும், என்ன செய்ய.

2024 சீசன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. உங்கள் கணக்குப்படி அமோகமான ஆண்டு. 7.13 கோடிப் பேர் மைதானத்துக்கு வந்திருக்கிறார்கள். 2017-க்குப் பிறகு இதுதான் அதிகம். ஓர் ஆட்டம் சராசரியாக 2 மணி 36 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பந்து வீசுகிறவருக்குக் கடிகாரம் வைக்கப் போகிறீர்கள் என்றதும் திட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது ஒன்பது இன்னிங்ஸும் பார்த்துவிட்டு, மகனை நேரத்தோடு படுக்க வைக்க முடிகிறது. அந்த விஷயத்தில் நான் தோற்றேன், நீங்கள் ஜெயித்தீர்கள்.

ஆட்டத்திலும் குறை சொல்ல முடியாது. செப்டம்பர் 19-ஆம் தேதி மயாமியில் ஷோஹெய் ஓட்டானி ஆடியதை நான் அலுவலகத்தில், மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஆறு முறை பேட் பிடித்தார், ஆறு முறையும் அடித்தார். அதில் மூன்று ஹோம் ரன். போதாததற்கு இரண்டு பேஸ் திருட்டு, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது. பத்து ரன்கள் அவர் அடியில் வந்தன. ஒரே சீசனில் 50 ஹோம் ரன்னும் 50 திருட்டும் என்பது அதற்கு முன் யாருக்கும் வாய்க்காதது. 54-59 என்று முடித்தார். முழங்கை அறுவை சிகிச்சையால் அந்த ஆண்டு முழுக்கப் பந்தே வீசாதவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருட்டு என்றதும் எங்கள் ஊரில் வேறொரு பெயர்தான் வாயில் வரும். ரிக்கி ஹெண்டர்சன். ஓக்லண்டில் வளர்ந்த பையன். 1982-இல் எங்கள் அத்லெட்டிக்ஸுக்காக ஒரே சீசனில் 130 பேஸ் திருடினார். நீங்கள் பேஸைப் பெரிதாக்கி, பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், பேஸில் நிற்பவரை மடக்கத் திரும்பி எறிவதற்குக் கட்டுப்பாடு வைப்பதற்கு நாற்பது ஆண்டு முன்னால் நடந்தது இது. மொத்தக் கணக்கு 1,406. போன வாரம், டிசம்பர் 20-ஆம் தேதி, காலமானார். இன்னும் ஐந்து நாள் இருந்திருந்தால் 66 வயது. எங்கள் அணி ஆடிய ஓக்லண்ட் கொலிசியம் மைதானத்தின் தரைக்கே அவர் பெயர்தான் வைத்திருந்தார்கள். அந்தத் தரையில் இப்போது உங்கள் லீக்கின் ஆட்டம் கிடையாது. இந்த மடலை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

இந்த சீசனை எந்தப் பக்கம் புரட்டினாலும் ஓக்லண்ட் எட்டிப் பார்க்கிறது. லீக்கின் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் அவுட்டான பிறகு, சுளுக்கிய கணுக்காலோடு டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடித்தாரே ஒரு ஹோம் ரன், அந்தக் கிராண்ட் ஸ்லாமைப் பார்த்தவுடன் எல்லோரும் 1988-இல் கிர்க் கிப்சன் நொண்டிக்கொண்டே வந்து அடித்த ஹோம் ரன்னை நினைத்தார்கள். அதே டாட்ஜர் மைதானம், அதே முதல் ஆட்டம். அந்தப் பந்தை வீசி, கிப்சனிடம் அடி வாங்கியவர் யார்? எங்கள் டென்னிஸ் எக்கர்ஸ்லி. ஜூன் மாதம் பர்மிங்ஹாமின் ரிக்வுட் ஃபீல்டில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென இருந்த நீக்ரோ லீக்கின் வீரர்களைக் கௌரவிக்க ஓர் ஆட்டம் நடத்தினீர்கள். இரண்டு நாள் முன்புதான் அந்த லீக்கில் தொடங்கிய ஜாம்பவான் வில்லி மேஸ் இறந்திருந்தார். வேர்ல்ட் சீரிஸில் அவருடைய கடைசி ஹிட் 1973-இல் ஓக்லண்ட் கொலிசியத்தில். அன்று ரிக்வுட்டில் மைக் முன்னால் உட்கார்ந்து, 1967-இல் அந்த ஊர் ஹோட்டல்களும் உணவகங்களும் கறுப்பினத்தவரான தன்னை எப்படி நடத்தின என்று முன்னாள் வீரர் ரெஜி ஜாக்சன் மழுப்பாமல் சொன்னார். அவர் பர்மிங்ஹாமில் இருந்ததும் எங்கள் அணியின் இளைஞர் பட்டாளத்தில் ஒருவராகத்தான்.

சிகாகோ வைட் சாக்ஸ்? 121 தோல்வி, 1962-இல் மெட்ஸ் வைத்திருந்த 120 என்ற நவீன காலச் சாதனையையே முறியடித்த புண்ணியவான்கள். 21 ஆட்டம் வரிசையாகத் தோற்றுவிட்டு, கடைசியில் ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ஒரு வெற்றி பெற்றார்கள். எங்கே? கொலிசியத்தில்தான். நானும் இருந்தேன். ஏதோ கோப்பையே கிடைத்ததுபோல் கட்டிக்கொண்டார்கள். எங்கள் அணி தோற்றது என்பதே மறந்துபோய், பக்கத்தில் இருந்தவர் எழுந்து கைதட்டினார். அவர்களுடைய மேலாளரை இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அது வேறு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஓக்லண்டில் கூட்டம் வருவதில்லை என்பது உங்கள் தரப்பு. 2023 ஜூன் 13 அன்று ரசிகர்களே சொல்லி வைத்துக்கொண்டு 27,759 பேர் வந்தோம். 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டை எங்கு பார்த்தாலும். மற்ற ஊர்களில் சாதாரணமாக வரும் கூட்டம் இங்கே ஒரு நாளைக்காவது வந்ததே என்ற பொருளில் நீங்கள் சொன்னதை இந்த ஊரில் ஒருவரும் மறக்கவில்லை. கடையில் சரக்கே வைக்காமல், விலையை மட்டும் ஏற்றி, 'வியாபாரம் இல்லை, ஊரே சரியில்லை' என்று ஷட்டரை இழுக்கிற முதலாளியை என்ன சொல்வீர்கள்? 2024-இல் முப்பது அணிகளிலும் வீரர்களுக்கு மிகக் குறைவாகச் செலவு செய்தது எங்கள் அணி. நல்ல வீரர் ஒருவர் தலையெடுத்தால் ஓரிரு ஆண்டில் வேறு ஊர்ச் சட்டையில் பார்க்கலாம்.

ஊர் மட்டும் என்னவாம். நான் இருக்கும் ஃப்ரீமான்ட்டுக்கே வருவதாக 2006-இல் சொன்னார்கள். பிறகு சான் ஹோசே என்றார்கள், அது சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் எல்லை என்று உங்கள் லீக் விடவில்லை. பிறகு லேனி கல்லூரிப் பக்கம். பிறகு துறைமுகத்தில் ஹோவர்ட் டெர்மினல், அதில் மட்டும் நான்கைந்து ஆண்டு பேச்சு. 2023 ஏப்ரலில் ஒரு நாள் லாஸ் வேகாஸ் என்றார்கள். நவம்பரில் முப்பது அணி முதலாளிகளும் அதற்குக் கை தூக்கிச் சம்மதித்துவிட்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த மைதானம் அழகு என்று நான் சொல்லவே மாட்டேன். கழிவுநீர் பொங்கும். ரேடியோ, டிவிக்காரர்கள் உட்காரும் அறையில் பாசம் என்னும் பிராணி குடியிருந்தது. தொண்ணூறுகளில் ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்காகக் கட்டிய கான்கிரீட் மதில் பின்னாலிருந்த மலையையே மறைத்துவிட்டது. ஆனால் பார்ட் ரயிலிலிருந்து இறங்கி, அந்தப் பாலத்தில் பேக்கன் சுற்றிய ஹாட் டாக் வறுபடும் புகைக்குள் நடந்து போகும்போதே, உள்ளே வலது மூலையில் டிரம் அடிக்கிற சத்தம் கேட்கும். நான் சைவம். இன்றைக்கும் அந்த வாசனை எனக்குப் பிடிக்கும்.

கடைசி நாள், செப்டம்பர் 26, வியாழக்கிழமைப் பகல். 46,889 பேர். ரிக்கியும் எங்கள் இன்னொரு பழைய வீரர் டேவ் ஸ்டூவர்ட்டும் சம்பிரதாயத்துக்கு முதல் பந்து வீசினார்கள், முன்னாள் பிட்சர் பாரி ஸீட்டோ தேசிய கீதம் பாடினார். டெக்ஸஸை 3-2 என்று ஜெயித்தோம். முடிந்த பிறகு யாரும் எழுந்து போகவில்லை. மேலாளர் மார்க் காட்ஸே மைக்கைப் பிடித்து நன்றி சொல்லி, கடைசியாக ஒரு தடவை 'லெட்ஸ் கோ ஓக்லண்ட்' சொல்லச் சொன்னார். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். மைதான ஊழியர்கள் மண்ணை அள்ளிக் கொடுத்தார்கள். காகிதக் கோப்பையில் நானும் ஒரு கை வாங்கி வந்தேன். இப்போது அது சமையலறையில் பழைய கடுகு டப்பாவில் இருக்கிறது. தாளிக்கும்போது மாற்றி எடுத்துவிடாதே என்று வீட்டில் ஏற்கெனவே இரண்டு முறை சண்டை.

அடுத்த ஆண்டு அந்த அணி சாக்ரமெண்டோவில், ட்ரிபிள்-ஏ என்ற கீழ்நிலை லீக் அணியின் சுமார் 14,000 பேர் கொள்ளும் மைதானத்தில் ஆடும். அதுவும் ஊர்ப் பெயரே இல்லாமல், வெறும் 'அத்லெட்டிக்ஸ்' என்று. டாம்பா பே அணியும் சின்ன மைதானத்துக்குத்தான் போகிறது, ஆனால் அவர்களுடைய கூரையைப் பிய்த்தது மில்டன் புயல். எங்களுக்கு எந்தப் புயலும் வரவில்லை. ஹுவான் சோட்டோ ஒருவருக்கே மெட்ஸ் 76.5 கோடி டாலர் கொடுக்கிற லீக் இது.

இதற்கிடையில் 'கோல்டன் அட்-பேட்' என்று ஒரு யோசனை பற்றிப் பேசினீர்கள். பேட் பிடிக்கும் வரிசையை மீறி, ஆட்டத்தில் ஒரு முறை தங்கள் சிறந்த ஆட்டக்காரரை இறக்கலாமாம். தயவுசெய்து வேண்டாம். ஃப்ரீமன் அடித்தது ஏன் இனித்தது? மூக்கி பெட்ஸை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டு, அடுத்து வந்தவரை மடக்கலாம் என்று யாங்கீஸ் கணக்குப் போட்டார்கள். வரிசை என்ற ஒன்று இருப்பதால்தான் அந்தக் கணக்கு. முதல் பந்திலேயே அது பொய்த்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. 2029 ஜனவரியில் ஓய்வு பெறுவதாகவும், அதற்குள் இரண்டு புதிய அணிகளுக்கு ஊர் தேர்ந்தெடுக்க ஆசை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் ஓக்லண்டையும் எழுதுங்கள். எழுத முடியாது என்றால், ஏன் என்று அந்த ஊருக்கு வந்து, அந்த ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வருவதானால் கோடையில் வாருங்கள். மேற்கு ஓக்லண்டில் ரைமாண்டி பார்க் இருக்கிறது. ஓக்லண்ட் பாலர்ஸ் என்று ஒரு சுயேச்சை அணி 2024-இல்தான் தொடங்கியது, உங்கள் லீக்கின் எந்த அணிக்கும் அது கட்டுப்பட்டதல்ல. டிரம்காரர்கள் இப்போது அங்கேதான் அடிக்கிறார்கள். டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஃப்ரீமான்ட்டிலிருந்து ஓர் ஓக்லண்ட் ரசிகன்
டிசம்பர் 2024